உட்கார்ந்தால் 93, மேடேறினால் 81: எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 64. தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோத்தகிரி பக்கத்தில் கிராமம். வீட்டுக்குக் கீழே சரிவில் அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. இரண்டு வருடமாக வறட்டு இருமல். கோவையில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது, ஐ.எல்.டி. என்று சொல்லி பிர்ஃபெனிடோன் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போன முறை காட்டப் போனபோது விரலில் மிஷின் மாட்டி, 96 இருக்கிறது, ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது என்றார்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது 93 காட்டுகிறது. ஆனால் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ஏறி வந்தவுடன், கொரோனா சமயத்தில் வாங்கி வைத்த மிஷினை மாட்டினால் 81! இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்ததும் பழையபடி 92, 93. மிஷின் கெட்டுவிட்டதோ என்று என் விரலில் மாட்டிப் பார்த்தேன், 95. பெரிய மகன், இனி நடக்கவே வேண்டாம் என்கிறான். இவரும் திண்ணையை விட்டு இறங்குவதில்லை. ஆக்சிஜன் வைத்தால் பழகிவிடும், அப்புறம் அது இல்லாமல் இருக்க முடியாது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். திருப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்கே இறங்கிவிடலாமா?

பதில்: அம்மா, உங்கள் மிஷின் கெட்டுப்போகவில்லை. அது காட்டும் எண், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்பது. ஏறி வந்த கையோடு பார்த்தீர்கள், சந்தேகம் வந்ததும் உங்கள் விரலிலும் மாட்டிப் பார்த்தீர்கள், எத்தனை நிமிடத்தில் திரும்பியது என்றும் கவனித்திருக்கிறீர்கள். மருத்துவமனையில் செய்ய வேண்டிய சோதனையை வீட்டு வாசலில் பாதி செய்து முடித்துவிட்டீர்கள். கோவையில் பார்த்த 96ம் சரி, ரோட்டோரத்தில் பார்த்த 81ம் சரி. ஆனால் அவருடைய அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய எண் அந்த 81தான். நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்கும் எண்ணை வைத்து, தழும்பு விழுந்த நுரையீரலைப் பற்றி "நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நடக்க வைத்துப் பார்க்காததாலேயே மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், இந்த இறக்கம் யார் கண்ணிலும் படாமல் போகிறது. வீட்டில் இருப்பவர்கள் "வயசாயிடுச்சு, அதான் மூச்சு வாங்குது" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஏன் இப்படி இறங்குகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். நுரையீரலின் காற்றுப் பைகளைச் சுற்றி மெல்லிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. உட்கார்ந்திருக்கும்போது ஒரு ரத்த அணு அந்தக் குழாயைக் கடக்க முக்கால் வினாடி ஆகிறது. நல்ல நுரையீரலில் அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே ஆக்சிஜன் ஏறி முடிந்துவிடும், மீதி நேரம் உபரி. தழும்பு விழுந்தால் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் தடித்துப்போகிறது, ஆக்சிஜன் ஏற நேரம் பிடிக்கிறது. ஆனாலும் முக்கால் வினாடி இருப்பதால் ஒருவழியாக ஏறிவிடும். அதனால்தான் உட்கார்ந்தால் 93. மேடு ஏறும்போது இதயம் வேகமெடுக்கிறது, ரத்தமும் வேகமாக ஓடுகிறது, அந்த முக்கால் வினாடி பாதிக்கும் கீழாகச் சுருங்குகிறது. பஸ் நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்றால் மெதுவாக நடந்து வருகிறவரும் ஏறிவிடலாம், ஒரு நொடி நின்று கிளம்பினால் பாதிப் பேர் கீழேயே நிற்பார்கள். அதுதான் நடக்கிறது. இது போதாதென்று, நடக்கும்போது கால் தசைகள் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால், நுரையீரலுக்குத் திரும்பி வரும் ரத்தமே வழக்கத்தைவிடக் காலியாக வருகிறது. நின்றதும் எல்லாம் நிதானப்படுகிறது, எண்ணும் ஏறிவிடுகிறது.

இதில் உங்கள் ஊர் இன்னொரு பாரத்தை ஏற்றுகிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான், கோத்தகிரியிலும் மெரினாவிலும் ஒன்றே. குறைவது காற்றின் அழுத்தம். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில், கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைவு. 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைவு. விமானத்துக்குள் காற்றழுத்தத்தை ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்துக்குரிய அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வார்கள். ஊட்டிக்காரர்கள் பிறந்ததிலிருந்து அதை ஒட்டிய காற்றில்தான் இருக்கிறார்கள். நல்ல நுரையீரலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, அதனால்தான் உங்களுக்கு 95. ஆனால் 90க்குக் கீழே போனால் கணக்கே மாறுகிறது. அதற்கு மேலே அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் எண் ஒன்றிரண்டுதான் இறங்கும். அதற்குக் கீழே அதே குறைவுக்கு எண் மளமளவென்று சரியும். உங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கும்போதே அந்த விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கிறார், பத்துப் படி ஏறினால் தாண்டிவிடுகிறார். கோவையில் 96 காட்டியதற்கும் வீட்டில் 93 காட்டுவதற்கும் நடுவே நோய் வளர்ந்துவிடவில்லை, மலை ஏறி வந்திருக்கிறார், அவ்வளவுதான். இதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. கீழே இருப்பவர்களுக்கு, நோயாளி எந்த உயரத்தில் குடியிருக்கிறார் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

அதனால் அடுத்த முறை போகும்போது "ஆறு நிமிட நடைச் சோதனை" வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். 30 மீட்டர் நீளமுள்ள வராந்தா, ஒரு கடிகாரம், விரலில் மிஷின் போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடந்தார், எண் எவ்வளவு கீழே போனது என்று குறிப்பார்கள். 88 அல்லது அதற்குக் கீழே போனால் அது முக்கியமான இறக்கம். தழும்பு நோய் எந்த வேகத்தில் போகிறது என்பதற்கும் அது ஓர் அடையாளம். முடிந்தால் இந்தச் சோதனையை மலையிலேயே, ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ செய்துகொள்ளுங்கள். கோவையில் நடந்து 90 வந்தால், உங்கள் ஊரில் அது 90 ஆக இருக்காது.

வீட்டில் பார்க்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். மலைக் குளிரில் விரல் ஜில்லிட்டிருந்தால் மிஷின் தப்பாகக் குறைத்துக் காட்டும், அல்லது எண் தாவிக்கொண்டே இருக்கும். இரண்டு கைகளையும் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, நடுவிரலில் மாட்டுங்கள். நகத்தில் மருதாணியோ பாலிஷோ இருக்கக் கூடாது. நாடித் துடிப்பின் எண் நிலைத்து நிற்கிறதா என்று முதலில் பாருங்கள், அது குதித்துக்கொண்டிருந்தால் ஆக்சிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம். நடை நின்ற பிறகும் அரை நிமிடம், ஒரு நிமிடம் வரை எண் இறங்கிக்கொண்டே போகலாம், ஏனென்றால் விரல் நுனிக்கு ரத்தம் வந்து சேரவும் மிஷின் சராசரி எடுக்கவும் நேரம் ஆகும். அதனால் நின்றவுடன் கழற்றிவிடாதீர்கள், மிகக் குறைந்த எண் எது என்று பார்த்து எழுதுங்கள். கருத்த தோலில் இந்த மிஷின்கள் உண்மையைவிட ஒன்றிரண்டு கூட்டிக் காட்டுவதும் உண்டு. உங்கள் 81ஐ நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூச்சு வாங்கவில்லை என்று அவர் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். தழும்பு நோயில் சிலருக்கு 80க்குப் போனாலும் பெரிதாகத் திணறல் தெரியாது, கால் அசதி, லேசான கிறுகிறுப்பு, எரிச்சல் மட்டும் இருக்கும். குளித்துத் துவட்டும்போது, குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது, டாய்லெட்டில், இருமல் தொடர்ந்து வரும்போது, இப்படி மேடே இல்லாத இடங்களிலும் எண் விழும். இந்த நேரங்களிலும் ஒரு தடவை பார்த்து வையுங்கள். குளிப்பதற்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

இனி உங்கள் மகன் சொன்னது. அவர் பாசத்தில் சொல்கிறார், ஆனால் நடக்காமல் உட்கார வைப்பது இந்த நோயில் நாம் செய்யக்கூடிய பெரிய கெடுதல். நடை நின்றால் தொடைத் தசை கரையும். கரைந்த தசை அதே வேலைக்குச் சீக்கிரமே களைத்துவிடும், போன மாதம் திணறாமல் போன தூரத்துக்கு இந்த மாதம் திணறுவார், இன்னும் குறைத்துக்கொள்வார். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை நோய் மட்டும் உட்கார வைக்கவில்லை, உட்கார்ந்தே இருப்பதும் சேர்ந்து உட்கார வைக்கிறது. நடை நிற்க வேண்டாம், நடக்கும் முறை மாற வேண்டும்.

மேட்டை விட்டுவிட்டு, ஊரில் சமதளமான ரோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்கூல் மைதானம் இருந்தால் இன்னும் நல்லது. விரலில் மிஷினோடு மெதுவாக நடக்கட்டும். 88க்கு இறங்கினால் நின்றுவிட வேண்டும், 90க்கு மேல் வந்த பிறகு மறுபடி நடக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு நிமிடம் நடை, இரண்டு நிமிடம் ஓய்வு என்று இருந்தாலும் பரவாயில்லை. மூச்சு முட்டிய பிறகு நிற்பது வேறு, முட்டுவதற்கு முன்பே நிற்பது வேறு. அவர் பழக வேண்டியது இரண்டாவது. ஃபிட்டர் வேலை பார்த்தவர் என்கிறீர்கள், அளவு பார்த்து வேலை செய்யத் தெரிந்தவர்தான், இதைப் புரியவைத்தால் உங்களைவிடக் கறாராகப் பின்பற்றுவார். படி ஏற வேண்டியிருந்தால், கால் எடுத்து வைக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், மூன்று படிக்கு ஒரு நிறுத்தம். உட்கார்ந்து எழுந்திருக்கும் பயிற்சியும் வேண்டும், ஆனால் மெதுவாக: நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து தடவை, ஓய்வு, மறுபடி ஐந்து. கோவையில் பெரிய மருத்துவமனைகளில் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள். வழக்கமாக இது 6 முதல் 12 வாரப் பயிற்சி, வாரத்தில் இரண்டு மூன்று நாள். முதல் சில வகுப்புகளை அங்கே பார்த்துக் கற்றுக்கொண்டு, மீதியை வீட்டில் தொடரலாம்.

தோட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இலை மூட்டையை அவர் இனித் தூக்கக் கூடாது. அதில் விட்டுக்கொடுக்க முடியாது. மருந்து அடிக்கும் நாளில் தோட்டத்துப் பக்கமே வேண்டாம். ஆனால் ஓய்வெடுத்து இறங்கி, மேல் வரிசைகளில் நின்று கொஞ்சம் இலை பறிப்பதும், வேலையாட்களோடு பேசிக்கொண்டிருப்பதும் அவருக்கு வேண்டும். இறங்குவது சுலபம், திரும்பி ஏற வேண்டும் என்பதை மனதில் வைத்து எவ்வளவு இறங்கலாம் என்று முடிவு செய்யுங்கள். இன்னொன்று, பிர்ஃபெனிடோன் சாப்பிடுபவர்களின் தோல் வெயிலுக்குச் சட்டென்று எரிந்துவிடும். உயரம் கூடக்கூட புற ஊதாக் கதிர் கூடும், மலையில் குளிர் காற்று அடிப்பதால் சுடுவதும் தெரியாது. முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, முகத்துக்கும் கழுத்துக்கும் சன்ஸ்கிரீன். மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். இந்த மாத்திரை தழும்பை அழிக்காது, வளரும் வேகத்தைக் குறைக்கும். இருமல் நிற்கவில்லை, எண் ஏறவில்லை என்பதற்காக அவராக நிறுத்திவிடக் கூடாது.

ஆக்சிஜன் பழகிவிடும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பல வருடம் புகைபிடித்து நுரையீரல் கெட்ட சிலருக்குக் கரியமில வாயு உடம்பில் தேங்கும். அவர்களுக்கு அளவில்லாமல் ஆக்சிஜன் கொடுத்தால் ஆபத்து. அந்த எச்சரிக்கை ஊர் ஊராகப் போய் எல்லா நோய்க்கும் ஒட்டிக்கொண்டது. தழும்பு நோயில் கரியமில வாயு பெரும்பாலும் தேங்குவதில்லை, ஏனென்றால் அது ஆக்சிஜனைவிட ஏறக்குறைய 20 மடங்கு எளிதாக அந்தத் தடித்த சுவரைக் கடந்துவிடும். ஆக்சிஜன் போதைப் பொருள் இல்லை. நோய் முற்றும்போது தேவை கூடும், அதைப் பார்ப்பவர்கள் ஆக்சிஜனால்தான் இப்படி ஆனது என்று காரணத்தைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள்.

உட்கார்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, நடந்தால் 88 அல்லது அதற்குக் கீழே போகும் தழும்பு நோயாளிகளுக்கு, நடக்கும்போது மட்டும் ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் இங்கிலாந்திலிருந்து வெளியானது. ஒவ்வொருவரும் இரண்டு வாரம் ஆக்சிஜனோடும் இரண்டு வாரம் இல்லாமலும் இருந்தார்கள். ஆக்சிஜனோடு இருந்த நாட்களில் மூச்சுத் திணறல் குறைந்தது, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது. ஆயுளைக் கூட்டும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கடைக்குப் போய்வரவும், பேரப்பிள்ளையை ஸ்கூலிலிருந்து கூட்டி வரவும் முடிகிறது என்றால், அது சின்ன விஷயம் இல்லை. ஆறு நிமிட நடையில் 88க்குக் கீழே போனால் உங்கள் வீட்டுக்காரருக்கும் நான் நடக்கும்போது ஆக்சிஜன் கொடுக்கத்தான் சொல்வேன்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின்தான் கான்சன்ட்ரேட்டர். கரண்டில் ஓடும் பெரிய கான்சன்ட்ரேட்டர் வீட்டோடு சரி, நடைக்குத் துணை வராது. தோளில் மாட்டும் சின்ன கான்சன்ட்ரேட்டர்கள் மூச்சை இழுக்கும்போது மட்டும் ஒரு துளி ஆக்சிஜனைத் தள்ளும். அதில் 2 என்று வைத்தால் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று அர்த்தம் இல்லை, பெரும்பாலும் அதைவிடக் குறைவு. கடைக்காரர் சொன்னார் என்று வாங்கிவிடாதீர்கள். வாடகைக்கு எடுத்து, உங்கள் ஊர் ரோட்டில் அவரை நடக்க வைத்து, எந்த எண்ணில் வைத்தால் 90 நிற்கிறது என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். எத்தனை மீட்டர் உயரம் வரை ஒழுங்காக வேலை செய்யும் என்று அதன் கையேட்டில் போட்டிருக்கும், அதைக் கட்டாயம் படியுங்கள். சில மிஷின்களால் பெரிய அளவு தேவைப்படுபவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாது, அவர்களுக்குச் சின்ன அலுமினிய சிலிண்டர்தான் சரி. மழைக்காலத்தில் மரம் விழுந்து நாள் கணக்கில் கரண்ட் போகும் ஊர் உங்களுடையது, ஆகவே கான்சன்ட்ரேட்டர் வைத்தாலும் மாற்றாக ஒரு சிலிண்டர் வீட்டில் இருக்க வேண்டும். ஆக்சிஜன் குழாய் மூக்கில் இருக்கும்போது விறகு அடுப்பு, கேஸ் அடுப்பு, ஊதுவத்தி, பீடி எதுவும் பக்கத்தில் கூடாது. ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரிவதைப் பலமடங்கு எரிய வைக்கும்.

அடுப்பு என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் கரியைச் சட்டியில் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு குளிர்காயும் பழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விரல் மிஷினுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கிக்கொண்டிருக்கும்போதும் அது 96 என்று காட்டும். நல்ல நுரையீரல் உள்ளவர்களே இப்படி உறக்கத்தில் இறந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் கரிச் சட்டி உள்ளே வரவே கூடாது, கம்பளியும் சுடுநீர்ப் பையும் போதும்.

தழும்பு எதனால் வந்தது என்று மருத்துவர் சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை. அதை மறுபடி கேளுங்கள். இந்தியாவில் 27 மையங்களில் சேர்த்த ஐ.எல்.டி. நோயாளிகளின் பதிவு 2017இல் வெளியானபோது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது பூஞ்சை, பறவை எச்சம் போன்றவற்றால் வந்த ஒவ்வாமை வகை என்று தெரிந்தது. வீட்டில் கோழிக்கூடு, புறா, மழையில் பூஞ்சை பிடிக்கும் சுவர், காளான் வளர்ப்பு, பழைய கம்பளி மூட்டை எதுவாவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த வகையாக இருந்தால் மூல காரணத்தை அகற்றுவதே முதல் மருந்து, சிகிச்சையும் வேறு. கூடவே ஹீமோகுளோபின் பாருங்கள். விரல் மிஷின் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று மட்டும் சொல்லும், ரத்தமே குறைவாக இருந்தால் சொல்லாது. எண் 80களின் தொடக்கத்துக்குப் போவதால், இதயத்தின் வலது பக்கத்துக்குச் சுமை ஏறியிருக்கிறதா என்று பார்க்க எக்கோ என்ற இதய ஸ்கேனும் ஒன்று வேண்டும். ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.

திருப்பூர் விஷயத்துக்கு வருகிறேன். இறங்கினால் எண் ஏறும், அதில் சந்தேகம் இல்லை. காற்றழுத்தம் கூடுவதால் உட்கார்ந்தாலும் நடந்தாலும் சில புள்ளிகள் கூடும், அவருக்கே வித்தியாசம் தெரியும். ஆனால் தழும்பு குறையாது. வீட்டையும் தோட்டத்தையும் விற்றுவிட்டு இறங்கும் அளவுக்கு இன்று அவசரம் இல்லை என்பது என் எண்ணம். உட்கார்ந்திருக்கும்போது இன்னும் 93 இருக்கிறது. முதலில் மகன் வீட்டில் இரண்டு வாரம் தங்கிப் பாருங்கள். இங்கே நடந்த அதே அளவு சமதளத்தில், அதே வேகத்தில் அங்கேயும் நடக்க வைத்து எண்களை எழுதுங்கள். வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, தூசியும் புகையும் எப்படி, சித்திரை வெயிலில் அவரால் வெளியே போக முடியுமா, பேச ஆள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். கீழே நாலு சுவருக்குள் 96 வைத்துக்கொண்டு அடைந்து கிடப்பதைவிட, மலையில் ஆக்சிஜனோடு நடப்பது மேல். மலையில் உட்கார்ந்திருக்கும்போதே 88 அல்லது அதற்குக் கீழே வந்து நிற்கத் தொடங்கினால், அப்போது நாளில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆக்சிஜன் தேவைப்படும். இறங்குவதைப் பற்றி அந்தக் கட்டத்தில் தீவிரமாக யோசிக்கலாம். அதுவரை மேலே போவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உறவினர் வந்தார்கள் என்று 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவுக்கு அவரைக் கூட்டிப்போக வேண்டாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும்போது வழக்கமாக வரும் எண்ணைவிட மூன்று நான்கு குறைந்து அப்படியே நின்றால், சில நாட்களுக்குள் திணறல் திடீரென்று கூடினால், காய்ச்சலோடு சளி நிறம் மாறினால், நடக்கும்போது கண் இருட்டி விழப் பார்த்தால், நெஞ்சு வலித்தால், ஒரு கால் மட்டும் வீங்கினாலும் இரண்டு காலும் வீங்கினாலும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் ஊரிலிருந்து மலைப்பாதை இறங்கிக் கோவை சேர நேரம் பிடிக்கும், மாலையில் பனிமூட்டம் வந்துவிட்டால் இன்னும் தாமதமாகும். காலையில் சந்தேகம் வந்தால் காலையிலேயே கிளம்புங்கள், இரவு வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 108ஐ அழைக்கும்போது நுரையீரல் தழும்பு நோயாளி, வழியெல்லாம் ஆக்சிஜன் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சி.டி. ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு, நீங்கள் எண்களை எழுதி வைக்கும் நோட்டு மூன்றையும் ஒரே பையில் போட்டு வாசல் பக்கம் மாட்டி வையுங்கள்.